பிரதமர் வணங்கிய பில்லுச்சேரி அம்மாள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை சுமப்பவருக்கும், ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபிகானாவில் துணி வெளுப்பவருக்கும், கடைகளில் கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கும் ‘பிளேடு’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கேரளத்தில் வட்டிக்காரருக்கு வழங்கும் பெயர் அது. ஊரில் நாம் கந்துவட்டி என்கிறோம், பெயர்தான் வேறு.

நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி என்று 1,000 ரூபாய் வாங்கினால், பத்தே மாதத்தில் 1,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் வாங்கிய கடன் தலைமுறைக் கடனாவது இப்படித்தான். இந்தக் கணக்கை எழுத்தறியாமலே புரிந்துகொண்டு, ஊரையும் திரட்டிக் காட்டியவர் மதுரை மாவட்டத்துச் சின்னப்பிள்ளை அம்மாள்.

கொத்துத் தலைவி

அழகர்கோவில் சாலையில் அப்பன்திருப்பதிக்கு அருகே உள்ள சிற்றூர் பில்லுச்சேரி. அங்கு வாழ்க்கைப்பட்ட சின்னப்பிள்ளை விவசாயக் கூலி. நடவுக்கும் அறுவடைக்கும் ஆட்களைத் திரட்டிச் செல்லும் கொத்துத் தலைவி அவர். இத்தனை பேர் வேண்டுமென்று நிலக்காரர் சொல்வார். ஆள் சேர்ப்பதும், கூலி பேசுவதும், வாங்கிய கூலியைப் பகிர்ந்து தருவதும் தலைவியின் பொறுப்பு. வயதானவர், உடல் நலிந்தவர் என்று யாரையும் ஒதுக்காமல் அவர்களுக்கும் வேலை கேட்டு வாங்கித் தந்ததால் ஊர்ப் பெண்களின் நம்பிக்கை அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் அவர் செய்த தொண்டுக்கு அந்த நம்பிக்கைதான் முதலீடு.

சிறு சேமிப்பு, பெரு மாற்றம்

1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரை வட்டாரத்தில் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்கள் தோன்றின. 1997-இல் தொடங்கப்பட்ட தானம் அறக்கட்டளை அவற்றைப் பேரியக்கமாக வளர்த்தது. குழுவின் நடைமுறை எளிது. பெண்கள் மாதந்தோறும் ஒரு சிறு தொகை போடுகிறார்கள். சேர்ந்த பணத்திலிருந்து தேவைப்பட்டவருக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறார்கள். அந்த வட்டியும் குழுவுக்கே திரும்பி வருகிறது. கணக்கு எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்படுகிறது.

சொல்ல எளிதுதான், செய்வது எளிதல்ல. கூலிக்காரி கையில் மிஞ்சும் காசை இன்னொருத்தியிடம் கொடுத்து வைக்க யார் துணிவார்? ‘பணம் திரும்பி வருமா?’ என்ற கேள்வி எழத்தான் செய்யும். அதற்குச் சின்னப்பிள்ளை தம் நாணயத்தையே பதிலாகத் தந்தார். ஊர் ஊராக நடந்து பெண்களிடம் பேசினார். ஊர்க் கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை செல்வாக்குள்ளவர்களிடமே இருந்தபோது, அதை ஏழைகளுக்குக் கேட்டுப் போராடவும் அவர் தயங்கவில்லை.

டெல்லியில் ஒரு வணக்கம்

2001 ஜனவரி 4-ஆம் தேதி டெல்லியில் அவருக்கு மத்திய அரசின் ‘ஸ்திரீ சக்தி’ விருது வழங்கப்பட்டது. வரலாற்றிலும் காவியத்திலும் புகழ்பெற்ற ஐந்து மகளிரின் பெயரால் நிறுவப்பட்ட விருதுகள் அவை. அவற்றுள் ஒன்று நம் கண்ணகியின் பெயரால் அமைந்தது. சின்னப்பிள்ளை பெற்றது வீர சிவாஜியின் தாயார் ஜீஜாபாய் பெயரிலான விருது. அப்போது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவருடைய பாதங்களைத் தொட்டு வணங்கினார். மறுநாள் நாடே அந்தக் கூலிப் பெண்ணைப் பற்றிப் பேசியது.

தமிழக அரசின் ஔவையார் விருதும், 2019-இல் பத்மஸ்ரீ விருதும் பின்னர் அவரைத் தேடி வந்தன.

ஆனால் விருதுகள் கூரையாகிவிடவில்லை. அரசின் வீட்டு வசதித் திட்டத்தில் தமக்கு வீடு கிடைக்கவில்லை என்று பத்மஸ்ரீ பெற்ற பின்னரும் அவர் வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தது. செய்தி பரவியதும், 2024 மார்ச்சில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் அவருக்கு வீடு கட்டித்தர உத்தரவிட்டார். ஊராரின் கடனைத் தீர்க்க வழி செய்தவர், தம் வீட்டுக்காக அத்தனை காலம் காத்திருந்தார். பொன்னாடை போர்த்துவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

நமக்கு இதில் என்ன?

சின்னப்பிள்ளையை வணங்கிய அதே வாஜ்பாய்தான், அதற்கு முன் 1998 மே 17-இல் மலப்புறத்தில் கேரளத்தின் ‘குடும்பஸ்ரீ’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்த ‘அயல்கூட்டம்’ அதன் அடிப்படை. களஞ்சியமும் அயல்கூட்டமும் வேறு வேறு அமைப்புகள் என்றாலும், இரண்டுக்கும் உயிர்நாடி ஒன்றே: அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் நம்பிச் சேமிப்பது.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலும், கேரளத்தில் 2012-இலும் சட்டங்கள் வந்தன. 2014-இல் கேரளப் போலீசார் ‘ஆபரேஷன் குபேரா’ என்ற பெயரில் வட்டிக்காரர்கள் மீது நடவடிக்கை எடுத்ததும் கொச்சிவாசிகளுக்கு நினைவிருக்கும். ஆயினும், அவசரத்துக்கு வேறு வழி இல்லாதவரை, போலீஸ் ஒரு வட்டிக்காரரைப் பிடித்தால் மக்கள் இன்னொருவரைத் தேடித்தான் போவார்கள். சேமிப்புக் குழு தருவது அந்த வேறு வழியைத்தான்.

பிழைக்க வந்த ஊரில் உறவுக்காரர் பக்கத்தில் இல்லை. கைமாற்றுக் கேட்கவும் ஆளில்லை. அப்படிப்பட்ட குடும்பங்களுக்குத்தான் இத்தகைய குழு மிகவும் அவசியம். மட்டாஞ்சேரியில் வாழும் நம் சகோதரிகள் தங்கள் வார்டிலுள்ள அயல்கூட்டத்தைப் பற்றி விசாரித்துச் சேர முயலலாம். தெருவுக்கு ஒரு நாணயமான பெண்மணி முன்வந்தால் பத்துப் பேரைச் சேர்ப்பது பெரிய காரியமல்ல. படிப்பு இல்லையே என்று தயங்க வேண்டாம். கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்று எல்லார் வீட்டிலும் உண்டு. கணக்கு தவறாமல் பார்த்துக்கொள்ளும் மனம்தான் வேண்டும். பில்லுச்சேரியில் இருந்ததும் அதுதான்.