585 கோடி படங்களின் பட்டியல்

2025 மார்ச் கடைசியில் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைபேசியை எட்டிப் பார்த்திருந்தால் நினைவிருக்கும். அம்மா, மாமா, தாத்தா, பக்கத்து வீட்டு நாய்க்குட்டி என்று எல்லாருடைய புகைப்படமும் ஜப்பானிய கார்ட்டூனாக மாறியிருந்தது. சாட்ஜிபிடியிடம் ஒரு போட்டோவைக் கொடுத்து, "ஜிப்லி மாதிரி வரைந்து தா" என்று கேட்டால் சற்று நேரத்தில் படம் வந்துவிடும்.

ஜிப்லி என்பது 1985இல் டோக்கியோவில் தொடங்கிய அனிமேஷன் ஸ்டுடியோ. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான இயக்குநர் ஹயாவோ மியாசாகி, கையால் வரைவதை விடாப்பிடியாகக் காத்துவருபவர். 'தி விண்ட் ரைசஸ்' என்ற அவருடைய படத்தில் நிலநடுக்கத்துக்குப் பிறகு மக்கள் கூட்டம் கூட்டமாக நகரும் காட்சி ஒன்று வரும். திரையில் அது ஓடுவது 4 வினாடிதான். அதை வரைய ஓர் ஓவியருக்கு 15 மாதம் பிடித்தது. கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனி மனிதராக நடக்க வேண்டுமே!

அப்படி உருவான பாணியை இயந்திரம் எங்கிருந்து கற்றது? எதையெல்லாம் வைத்துப் பயிற்சி கொடுத்தோம் என்ற முழுப் பட்டியலை, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிடவில்லை. அதனால், பட்டியல் தெரிந்த வேறொரு இயந்திரத்தைப் பார்ப்போம். அதன் பெயர் ஸ்டேபிள் டிஃப்யூஷன். 2022 ஆகஸ்டில் வெளிவந்தது.

அதற்கான படங்கள் 'லயான்-5பி' என்ற பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு குழு இணையத்தைத் துழாவி, 585 கோடி படங்களின் முகவரிகளையும் ஒவ்வொன்றின் அருகில் இருந்த விளக்க வரியையும் தொகுத்தது. வினாடிக்கு ஒன்று என்று தூங்காமல் பார்த்தாலும் அத்தனையையும் பார்த்து முடிக்க 185 ஆண்டுகள் ஆகும். ஓவியர்கள் வரைந்தவை, புகைப்படக்காரர்கள் எடுத்தவை, குடும்ப ஆல்பத்துப் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. அவற்றை உருவாக்கியவர்கள் யாரிடமும் "எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கவில்லை.

சரி, படத்தைக் காட்டினால் இயந்திரம் எப்படிக் கற்கிறது? ஒரு கோலத்தின் மேல் கொஞ்சம் மணலைத் தூவுங்கள். கோலம் இன்னும் தெரியும். மேலும் மேலும் தூவினால் கடைசியில் மணல் மட்டுமே மிஞ்சும். கணினியும் படத்தின் மேல் இப்படித்தான் தாறுமாறான புள்ளிகளைப் படிப்படியாகச் சேர்க்கிறது. பிறகு இயந்திரத்திடம், "இதில் எது புள்ளி, எது படம், கண்டுபிடி" என்று கேட்கிறது. இயந்திரத்துக்குள் சுமார் 100 கோடி எண்கள் இருக்கின்றன. விடை தவறினால் அந்த எண்கள் துளித்துளியாகத் திருத்தப்படும். அடுத்த படம், மறுபடி திருத்தம். கோடிக்கணக்கான முறை இது நடந்தபின், "மழையில் நனையும் பூனை" என்று எழுதினால் போதும். வெறும் புள்ளிக் கூட்டத்தில் தொடங்கி, பூனையல்லாததை எல்லாம் நீக்கிக்கொண்டே வந்து, புதிய பூனை ஒன்றைக் காட்டிவிடும். அந்தச் சொற்களோடு வந்த எத்தனையோ படங்களைப் பார்த்திருப்பதால்தான் அதற்குப் பூனை எது என்று தெரிகிறது.

அப்படியானால் பழைய படங்கள் எல்லாம் அதன் வயிற்றில் அப்படியே இருக்கின்றனவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தப் பட்டியலிலிருந்து பயிற்சியில் பயன்பட்டவை 200 கோடிக்கும் மேற்பட்ட படங்கள். பயிற்சி முடிந்த இயந்திரத்தின் கோப்பு சுமார் 4 ஜிபி. வகுத்தால் ஒரு படத்துக்கு 2 பைட்கூட வராது. 'அ' என்ற ஓர் எழுத்தைப் பதிந்து வைக்கவே இன்று இணையத்தில் வழங்கும் முறையில் 3 பைட் வேண்டும். ஆகவே எல்லாப் படங்களும் உள்ளே அடைபட்டிருக்க வழியே இல்லை.

ஆனால் சில படங்கள் இருக்கின்றன! 2023இல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பட்டியலில் திரும்பத் திரும்ப வந்திருந்த 3,50,000 படங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் விளக்க வரிகளைக் கொடுத்து இயந்திரத்திடம் 17.5 கோடி படங்களை வரையச் சொன்னார்கள். ஏறத்தாழ நூறு படங்கள் பழைய படங்களின் அச்சாகவே வந்தன. அதிகம் பார்த்ததை இயந்திரம் மனப்பாடம் செய்துவிடுகிறது.

இந்த இடத்தில் நீதிபதிகளுக்கே கருத்து வேறுபடுகிறது. 2025 நவம்பரில் லண்டனில் கெட்டி இமேஜஸ் என்ற புகைப்பட நிறுவனத்தின் வழக்கில், ஸ்டேபிள் டிஃப்யூஷன் படங்களைச் சேமித்து வைக்காததால் அதையே ஒரு நகல் என்று சொல்ல முடியாது எனத் தீர்ப்பு வந்தது. அதே மாதம் மியூனிக் நகரில், ஒன்பது ஜெர்மன் பாடல்களின் வரிகளை சாட்ஜிபிடி ஒப்பித்ததைப் பார்த்த நீதிமன்றம், இயந்திரத்துக்குள் மனப்பாடமாக இருப்பதும் நகல்தான் என்று சொன்னது.

உங்களில் யாராவது இப்போது கை தூக்குவீர்கள்: "நானும் கார்ட்டூன் பார்த்துத்தானே வரையக் கற்றேன்? நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லையே!"

நல்ல கேள்வி. நிறுவனங்களும் இதையேதான் சொல்கின்றன. பாணி யாருக்கும் சொந்தமில்லை என்பதும் உண்மை. பதிப்புரிமைச் சட்டம் வரைந்து முடித்த படத்தைக் காக்குமே தவிர, வரையும் விதத்தைக் காக்காது. நீங்கள் ஜிப்லி மாதிரி தாராளமாக வரையலாம். ஆனால் நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள். இயந்திரத்துக்குக் காட்டவோ ஒவ்வொரு படத்தையும் கணினியில் நகலெடுத்தாக வேண்டும். நீங்கள் கற்று முடித்தால் உலகத்துக்கு இன்னொரு ஓவியர் கிடைப்பார். இயந்திரம் கற்று முடித்தால், ஓவியரிடம் போக வேண்டிய வேலையே இயந்திரத்திடம் போய்விடக்கூடும். போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கி டிராகன்களையும் போர்க்களங்களையும் அற்புதமாகத் தீட்டுபவர். அவர் பெயரை எழுதியே ஆயிரக்கணக்கானோர் இயந்திரத்தில் படம் வரவழைத்தார்கள். இணையத்தில் தன் பெயரைத் தேடினால் தான் வரையாத படங்கள் வந்து நிற்பதைக் கண்டு அவர் கலங்கினார். இயந்திரம் கற்பதை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்காமல் எடுத்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

புத்தகங்களுக்கும் இதே கதை நேர்ந்தது. அமெரிக்காவில் ஆந்த்ரோபிக் என்ற நிறுவனம் ஏராளமான அச்சுப் புத்தகங்களை விலைக்கு வாங்கி, முதுகுத் தையலை வெட்டி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து தன் இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்தது. திருட்டு இணையதளங்களிலிருந்தும் 70 லட்சத்துக்கு மேற்பட்ட புத்தகக் கோப்புகளை இறக்கி வைத்திருந்தது. எழுத்தாளர்கள் மூவர் வழக்குப் போட்டார்கள். வாங்கிய புத்தகத்தை வைத்துப் பயிற்சி கொடுத்தது தவறில்லை, திருட்டுப் பிரதிகளைச் சேர்த்து வைத்தது தவறு என்று 2025 ஜூனில் நீதிபதி சொன்னார். பிறகு அந்த நிறுவனம் 150 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள ஒப்புக்கொண்டது. ஒரு புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர்.

யாரிடமும் கேட்க வேண்டாத படைப்புகளும் நிறைய உண்டு. இந்தியச் சட்டப்படி, எழுத்தாளரோ ஓவியரோ இறந்து 60 ஆண்டுகள் ஆனபின் அவருடைய படைப்பு எல்லாருக்கும் பொது. ராஜா ரவி வர்மா 1906இல் மறைந்தார். அவருடைய ஓவியங்களை நீங்களும் எடுக்கலாம், இயந்திரமும் எடுக்கலாம்.

கேட்டுச் செய்ய முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2024இல் வந்த 'லால் சலாம்' படப் பாட்டுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை ஏ.ஆர்.ரஹ்மான் செயற்கை நுண்ணறிவு மூலம் மீண்டும் ஒலிக்க வைத்தார். இருவர் குடும்பத்திடமும் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார்.

"இரண்டு பேரிடம் கேட்கலாம், கோடிப் பேரிடம் எப்படிக் கேட்பது?" என்பது அடுத்த கேள்வி. பாட்டு உலகம் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. வானொலியிலும் ஓட்டலிலும் பாட்டுப் போடுகிறவர்கள் ஒவ்வொரு கவிஞர் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. இந்தியாவில் 1969இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற சங்கம் மொத்தமாகக் கட்டணம் வாங்கி, பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் பிரித்துத் தருகிறது. மியூனிக் வழக்கைத் தொடுத்ததும் ஜெர்மனியின் அதே மாதிரியான சங்கம்தான். ஆனால் பணத்தைப் பிரிக்க, யாருடைய படைப்பு பயன்பட்டது என்று முதலில் தெரிய வேண்டும். இதற்கு உதவும் விதத்தில் ஐரோப்பிய ஒன்றியம், இத்தகைய இயந்திரங்களைச் செய்யும் நிறுவனங்கள் எதை வைத்துப் பயிற்சி கொடுத்தோம் என்ற சுருக்க விவரத்தை வெளியிடுவதை 2025 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது.