காய்ச்சல் போன பிறகு காதைச் சோதியுங்கள்

மூளைக்காய்ச்சலில் பிழைத்த பத்து மாதக் குழந்தை வீடு திரும்புகிறது. பால் குடிக்கிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறது. கண்டம் தாண்டிவிட்டதென்று வீடே நிம்மதியாகிறது. ஆனால் முதுகுக்குப் பின்னால் தட்டு விழுந்தால் அது திரும்புவதில்லை. ‘தாத்தா’, ‘மாமா’ என்ற மழலையும் மெல்லக் குறைந்து நின்றுபோகிறது. “நோயில கெடந்த புள்ள, போகப்போகப் பேசும்” என்கிறார்கள் பெரியவர்கள். இந்தக் காத்திருப்புதான் ஆபத்து.

நியூமோகாக்கஸ், ஹிப் போன்ற பாக்டீரியாக்கள் மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் சீழ் பிடிக்கச் செய்கின்றன. மூளையைச் சூழ்ந்த நீருக்கும் உள்காதுக்கும் நுண்ணிய வழி ஒன்று உண்டு. அதன் வழியே அழற்சி, நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் இறங்குகிறது. ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் அங்கே மடிந்தால் மறுபடி முளைக்காது. சில குழந்தைகளுக்குச் சில வாரங்களிலேயே அந்தச் சுருளுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளும். அதன்பின், காது கேட்க வைக்க உள்ளே பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியின் கம்பியை உள்ளே நுழைப்பதே பெரும்பாடு.

வலிப்பு, தலையில் நீர் கோத்தல், மூளையின் ரத்தக்குழாய் அடைத்து ஒரு பக்கம் செயலிழத்தல், படிப்பில் பின்தங்கல் ஆகியவையும் வரலாம். பாக்டீரியா மூளைக்காய்ச்சல் கண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீண்டகாலப் பாதிப்பு நேரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே இந்நோய் வரலாம். காய்ச்சலோடு பால் குடிக்க மறுத்தால், வீறிட்டு அழுதால், உச்சிக்குழி புடைத்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். நோயைக் கண்டறிய முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்று பயந்து சம்மதிக்காத பெற்றோர் உண்டு. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதைக் காட்டிக்கொடுப்பது அந்தச் சில துளி நீர்தான்.

தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து பென்டாவேலன்ட் ஊசியில் ஹிப் தடுப்பு இருக்கிறது. 2021 முதல் நியூமோகாக்கல் தடுப்பூசியும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஒரு தவணையையும் விடாதீர்கள்.

நோயிலிருந்து மீண்ட குழந்தைக்கு, வீட்டுக்கு அனுப்புமுன், தவறினால் நான்கு வாரத்துக்குள், காது கேட்கும் திறனைச் சோதித்தாக வேண்டும். கைதட்டிப் பார்ப்பது போதாது. ‘பெரா’ (BERA) என்னும் செவித்திறன் பரிசோதனையைக் குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கான இம்ப்ளான்ட் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே, “பெரா எப்போது?” என்று டாக்டரிடம் கேளுங்கள்.