'லோ பிரஷர்' என்றால் என்ன?

காசிமேடு மீன்பிடி துறைமுகம். உச்சி வெயில். ஐஸ் பெட்டி சுமந்த தொழிலாளி ஒருவர் தலை சுற்றிக் கீழே விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

உடனே கூட்டம் கூடும்.

"லோ பிரஷர்தான். உப்பு கரைச்சுக் குடுப்பா!" என்பார் ஒருவர்.

"எல்லாம் டென்ஷன். கவலையை விடச் சொல்லு!" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேருமே அவசரப்படுகிறார்கள்!

பெயரின் பொருள்

குறைந்த ரத்த அழுத்தத்துக்கு டாக்டர்கள் வைத்துள்ள பெயர், 'ஹைப்போடென்ஷன்'. 'ஹைப்போ' என்பது கிரேக்கச் சொல். 'கீழே' என்று அர்த்தம். 'ஹைப்பர்' என்றால் 'மேலே'. 'ஹைப்பர்டென்ஷன்' என்பது ரத்தக் கொதிப்பு.

இங்கே 'டென்ஷன்' என்பது மனக்கவலை அல்ல. ரத்தம், குழாயின் சுவரை அழுத்தும் விசைதான் அது.

பெயரில் சிறிய வித்தியாசம். வைத்தியமோ நேர் எதிர்!

அளப்பது எப்படி?

கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை 1896-ல் இத்தாலி டாக்டர் ரிவா ரோச்சி அமைத்தார். ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒலி கேட்டு அளக்கும் முறையை 1905-ல் ரஷ்ய டாக்டர் கொரோட்கோவ் சொன்னார்.

120-க்கு 80 என்பது சாதாரண அளவு. 90-க்கு 60-ஐ விடக் குறைந்தால் 'லோ பிரஷர்'. ஆனால் சிலருக்கு எப்போதுமே அந்த அளவுதான் இருக்கும். மயக்கம், தலைசுற்றல் எதுவும் இல்லை என்றால், அவர்களுக்கு வைத்தியம் தேவை இல்லை.

காரணம் என்ன?

'லோ பிரஷர்' பெரும்பாலும் தனி நோய் அல்ல. வேறு ஒன்றின் அடையாளம்.

வியர்வை, பேதி, வாந்தியால் உடலில் நீர் வற்றலாம். ரத்தம் போயிருக்கலாம். டெங்கு காய்ச்சலாக இருக்கலாம். இதயம் பலவீனமாக இருக்கலாம். ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் மாத்திரையே அளவு மீறி அழுத்தத்தைக் குறைத்திருக்கலாம்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி போன்ற பிரசவ ஆஸ்பத்திரிகளில், குழந்தை பிறந்த பிறகும் தாயின் ரத்த அழுத்தத்தையும் நாடியையும் நர்சுகள் பார்ப்பது ஏன்? ரத்தப்போக்கு அதிகமானால் முதலில் நாடி வேகமாக ஓடும். அழுத்தம் பிறகுதான் இறங்கும். அதற்குள் விழித்துக்கொண்டால் தாய் பிழைப்பாள்!

என்ன செய்வது?

விழுந்தவரை நிழலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கால்களைச் சற்று உயர்த்துங்கள். நினைவு இல்லாதவர் வாயில் சோடாவோ, தண்ணீரோ ஊற்றாதீர்கள். புரை ஏறிவிடும்! நினைவு திரும்பி, வெயிலாலோ பேதியாலோ வந்த மயக்கம் என்று தெரிந்தால், உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

கை கால் சில்லிட்டு, பேச்சு குழறி, நாடி வேகமாக ஓடினால் ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள்.

உப்பு கரைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவரா?" 'ஆம்' என்றால் உப்பு வேண்டாம். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டோடு டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அழுத்தம் குறைந்தது என்று தெரிந்தால் மட்டும் போதாது. ஏன் குறைந்தது என்று தெரிய வேண்டும். உயிரைக் காப்பது அந்தக் கேள்விதான்!