நீர் வரைந்த வளையம்

கறையைப் போக்குவது நீரின் இயல்பு. துணி வெளுப்பதற்கும் கலம் கழுவுவதற்கும் நாம் அதனையே நாடுகிறோம். அங்ஙனமிருக்க, தூய்மை செய்யும் நீரே கறையாவது எவ்வாறு? மாணவ நண்பர்களே, இவ்வினாவுக்கு விடை காண ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. மழையில் நனைந்த பழைய மோட்டார் காரின் இருக்கை ஒன்று போதும்.

வைகையின் தென்கரையில் உள்ள ஆரப்பாளையம், தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் செல்வோர் வந்து கூடும் பேருந்து நிலையத்தால் பெயர் பெற்றது. மதுரைக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு நெடியது. 1911-இல் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனம் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டே வளர்ந்தது. மதுரைக்கும் துணிக்கும் உள்ள உறவோ அதனினும் பழையது. சௌராஷ்டிர மக்களின் சுங்குடியை அறியாதார் யார்? 1889-இல் ஹார்வி சகோதரர்கள் இந்நகரில் நூற்பாலையும் நிறுவினர். ஆகவே, துணியும் மோட்டாரும் சந்திக்கும் இருக்கையைப் பற்றி இங்கே பேசுவது பொருத்தமேயாகும்.

இக்காலக் கார்களில் செயற்கை இழைத் துணியையும் ரெக்சினையும் மிகுதியாகக் காண்கிறோம். 1920, 1930-ஆம் ஆண்டுகளில் வந்த மூடிய கார்கள் பலவற்றிலோ கம்பளித் துணியும், ஆட்டு மயிரால் நெய்த மொகேர் என்னும் பூந்துணியும் விரித்திருந்தனர். அடியில் குதிரை மயிர், தேங்காய் நார், பஞ்சு ஆகியவற்றால் ஆன மெத்தையும், அதற்கும் கீழே இரும்புச் சுருள்களும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை, இறுகிப்போன கண்ணாடி ரப்பரின் வழியே கசிந்து இத்துணியில் இறங்குகிறது. சில நாளில் துணி உலர்கிறது. உலர்ந்த இடத்தில் பழுப்பு விளிம்புடன் ஒரு வளையம் தோன்றுகிறது.

அவ்வளையம் எங்கிருந்து வந்தது? துணியின் இழைகளுக்கிடையே நுண்ணிய புழைகள் உள்ளன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அப்புழைகளில் நீர் பரவுகிறது. பரவும்போது பல்லாண்டுத் தூசியையும், உப்பையும், நெகிழ்ந்த சாயத்தையும் கரைத்துச் சுமந்து செல்கிறது. ஈரமும் உலர்வும் சந்திக்கும் எல்லையை அடைந்ததும் நீர் ஆவியாகிவிடுகிறது. சுமை மட்டும் அங்கே தங்குகிறது. மேசையில் சிந்திய காப்பித் துளி உலரும்போது விளிம்பு மட்டும் கறுப்பதும் ஏறத்தாழ இவ்வகையினதே. அதன் காரணத்தை 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக அறிஞர்கள் விளக்கினர்: விளிம்பில் நீர் விரைந்து ஆவியாகிறது, அக்குறையை நிரப்ப நடுவிலிருந்து நீர் ஓடிவருகிறது, வரும்போது துகள்களையும் உடன் கொண்டுவருகிறது. எனவே, நீர்க் கறை என்பது நீரின் கறையன்று. நீர் இடம் மாற்றி வைத்த அழுக்கே என்பது தெளிவாகிறது.

காரணம் விளங்கினால் மருந்தும் விளங்கும். கறையுள்ள இடத்தை மட்டும் நனைத்துத் தேய்ப்பவர் பழைய வளையத்துக்கு வெளியே புதிய வளையம் ஒன்றை வரைந்தவராவார். நனைப்பதானால், ஒரு தையலிலிருந்து மறு தையல் வரை அப்பகுதி முழுவதையும் சீராக நனைத்தல் வேண்டும். அப்பொழுது அழுக்கு வந்து ஒதுங்க நடுவில் எல்லை இராது.

எந்த நீர் ஏற்றது? மதுரைச் சமவெளியின் கிணறுகள் பலவற்றில் கிடைப்பது கடின நீர். அது தன் உப்பையும் துணியில் விட்டுச் செல்லும். சவர்க்காரத்தோடு கூடிப் பிசுக்காகவும் படியும். ஆகவே, பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்தக் காய்ச்சி வடித்த நீரே தக்கது.

இனி, செயல்முறையைக் காண்போம். முதலாவது, கசியும் வழியை அடைத்தல் வேண்டும். ஒழுகும் கூரையின் கீழ்த் தரையைத் துடைப்பதால் பயனில்லை. இரண்டாவது, துணி உலர்ந்திருக்கும்போதே தூசியை உறிஞ்சி எடுத்தல். மூன்றாவது, சோதனை. இருக்கையின் மறைவான மூலையில் ஈரமான வெண்பருத்தித் துணியைப் பத்து நிமிடம் அழுத்தி வைத்தால், சாயம் ஒட்டுகிறதா என்பது தெரியும். ஒட்டினால் அங்கேயே நிறுத்திவிடுதல் அறிவுடைமை. நான்காவது, நீரைப் பனிபோல் தெளித்து, வெண்துணியால் ஒற்றி எடுத்தல். தேய்த்தல் ஆகாது. கம்பளி, சூட்டிலும் தேய்ப்பிலும் சுருங்கித் திரளும். ரேயான், நனைந்த நிலையில் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கும். பருத்தியோ நனைந்தபோது வலிமை கூடுவது. உப்புப் படிந்திருப்பின் ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி வினிகர் கலந்து முன்போலவே சோதித்துப் பயன்படுத்தலாம். பின்னர் வடித்த நீரால் அதனையும் ஒற்றி நீக்குதல் வேண்டும்.

ஐந்தாவது படியே இக்கலையின் நுட்பம். ஈரத் துணியின் மேல் வெண்பருத்தித் துணியை இடைவெளியின்றிப் படியவைத்து, மின்விசிறியின் காற்றில் உலர விடுக. நீர் இப்பொழுது இருக்கையின் மேற்பரப்பில் ஆவியாவதில்லை. மேலே விரித்த துணியில் ஆவியாகிறது. ஆகவே அழுக்கும் அத்துணிக்கே ஏறிவிடுகிறது. கறையை உண்டாக்கிய அதே விதி கறையை நீக்கும் பணியாளாக மாறுவதைக் காண்க! வெயிலில் உலர்த்துவது மட்டும் கூடாது. சாயம் வெளிறும், பழைய இழை நொறுங்கும்.

சலவைத் தூளை நாடுவோர் உளர். குளோரின் கலந்த அப்பொருள் கம்பளி இழையையே அரித்துவிடும். செம்மஞ்சள் நிறக் கறை இரும்புச் சுருளின் துருவினால் வருவது. நீருக்கு அது நீங்காது. துருவை நீக்கும் ஆக்சாலிக் அமிலமோ நஞ்சு. பழக்கமில்லாத கைகளுக்கு உரியதன்று. மெத்தைக்குள் பூஞ்சணம் பிடித்திருந்தாலும், 2015 டிசம்பரில் சென்னையில் கார்கள் வெள்ளத்தில் மூழ்கியதுபோல் முழுவதும் மூழ்கியிருந்தாலும், இருக்கையைப் பிரித்துப் பார்ப்பதே வழி.

‘இத்தனை பாடு எதற்கு? புதுத்துணி தைத்துவிடலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். பழைய காரின் எந்திரத்தைத் திரும்பக் கடையலாம். வண்ணத்தைத் திரும்பப் பூசலாம். அன்றைய ஆலையில் அன்றைய நூலால் நெய்த துணி, போனால் போனதுதான். அந்நாளைய நெசவுக்கும் சாயத்துக்கும் அதுவே சான்று.

எல்லாக் கறையும் நீக்கத் தக்கதோ என்றால், அன்று. மதுரைத் தமுக்கத்தில், ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனையில், 1959-இல் திறக்கப்பெற்ற காந்தி நினைவு அருங்காட்சியகம் உள்ளது. அண்ணல் சுடப்பட்ட நாளில் அணிந்திருந்த, குருதி தோய்ந்த ஆடையை அங்கே காணலாம். அக்கறையை வெளுக்க எவரேனும் எண்ணுவரோ? அங்கே கறையே வரலாறு. கார் இருக்கையின் மழை வளையம் அத்தகைய பெருமை உடையதன்று, அதனை நீக்கலாம். ஆயினும் நீக்குமுன், எது அழுக்கு, எது சான்று என்று வினவிக்கொள்ளும் பழக்கம் நன்று. மும்முறை மெல்ல முயன்றும் மங்கிய கோடு ஒன்று எஞ்சுமாயின், அதனை அவ்வாறே விட்டுவிடுக. கோடு உள்ள பழந்துணி, கிழிந்துபோன தூய துணியினும் மேலானது.