குட்டிக் குழந்தையுடன் மவுண்டன் பைக் ரைடு போகலாமா? சீட், ட்ரெய்லர்... எது எங்கே சரிப்படும்?

பெங்களூரு, புனே பக்கம் எந்த அபார்ட்மெண்டுக்குப் போனாலும் பார்க்கிங்கில் ஒரு மவுண்டன் பைக் தூசி படிந்து நிற்கும். விசாரித்தால், "குழந்தை பிறந்ததில் இருந்து எடுக்கவே இல்லைங்க" என்பார்கள். நீங்களும் அந்தக் கட்சி என்றால், குழந்தையையும் ரைடுக்குக் கூட்டிப் போகும் யோசனை ஒருமுறையாவது வந்திருக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் இரண்டு வயதுக் குழந்தை காட்டுப் பாதையில் சிரித்துக்கொண்டே போகிறது. சீட், ட்ரெய்லர் இரண்டுமே இங்கும் ஆன்லைனில் கிடைக்கின்றன. எதை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன், எந்தப் பாதையில் ஓட்டப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிடுங்கள். பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சைக்கிளுக்கு என்று பார்த்தால், அநேகமாக எதுவும் இல்லை. 2022 பிப்ரவரியில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தையை டூவீலரில் கூட்டிப் போனால் ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு பெல்ட், தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட், மணிக்கு 40 கி.மீ. வேக வரம்பு ஆகியவை கட்டாயம் என்று அது சொல்கிறது. ஓராண்டு கழித்து இது அமலுக்கு வந்தது. மிதிக்கும் சைக்கிள் மோட்டார் வாகனம் கிடையாது என்பதால் இந்த விதி உங்களைத் தொடாது.

ஆனால் இதில் சுவாரசியமான ஒன்று இருக்கிறது. டூவீலரில் போகும் குழந்தைக்குச் சைக்கிள் ஹெல்மெட்டே போதும் என்று அந்த விதி அனுமதிக்கிறது. ஐரோப்பாவின் ஈஎன் 1078, ஈஎன் 1080, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் 1447 ஆகிய தரநிலைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆக, கடையில் எந்த எண்ணைத் தேட வேண்டும் என்பதை அரசாங்கமே உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது.

தலைதான் பிரச்னை

பிறக்கும்போது குழந்தையின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தலை. பெரியவர்களுக்கு அது எட்டில் ஒன்று அளவுக்குக் குறைந்துவிடும். ஒன்றிரண்டு வயதுக் குழந்தை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கனமான தலை, இன்னும் முழுதாக வலுப்பெறாத கழுத்து, அதன் மேல் ஒரு ஹெல்மெட். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி, 12 மாதம் முடியாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே கூடாது என்கிறது. அதற்குப் பிறகும், பிடிமானம் இல்லாமல் நன்றாக உட்காரத் தெரிய வேண்டும், ஹெல்மெட்டைத் தாங்கும் அளவுக்குக் கழுத்து நிற்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. பின் சீட்டில் இருக்கும் குழந்தையின் தலை தரையிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 16 கி.மீ. சைக்கிள் நகரவே வேண்டாம். ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, தண்ணீர் பாட்டில் எடுக்கத் திரும்பினாலே போதும். ஈஎன் 1078 ஹெல்மெட்டை ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தில் தட்டையான இரும்பில் மோதவிட்டுத்தான் சோதிக்கிறார்கள். இந்த விழுகைக்கு அது தாங்கும். சந்தையில் தொங்கும், எந்த எண்ணும் இல்லாத பிளாஸ்டிக் தொப்பி தாங்குமா என்று யாருக்கும் தெரியாது.

சீட்டா, ட்ரெய்லரா?

பின் சீட்டில் 12 கிலோ குழந்தை, 4 கிலோ சீட் என்று வைத்தால், 16 கிலோ எடை உங்கள் முதுகுக்குப் பின்னால், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. மேடேறும்போது முன்சக்கரம் லேசாகும், மெதுவாகத் திரும்பும்போது சைக்கிள் சாயப் பார்க்கும். தார் ரோட்டில் பழகிவிடலாம். கல்லும் வேரும் உள்ள பாதையில் சைக்கிளே உங்கள் பேச்சைக் கேட்காது. இன்னொன்று, கால். பின்சக்கரத்தின் கம்பிகளுக்குள் குழந்தையின் பாதம் சிக்கும் விபத்து நம் ஊர் எலும்பு மருத்துவர்களுக்கு நன்றாகப் பழக்கமானது. காலை மூடும் தடுப்பும் பாதத்தைக் கட்டும் பட்டையும் இல்லாத சீட்டை வாங்காதீர்கள்.

முன் சீட்டை, ஹேண்டில்பாருக்கும் உங்களுக்கும் நடுவே மாட்டுவார்கள். அந்தக் காலத்துச் சைக்கிளில் முன் கம்பியில் வைத்த குட்டி சீட்டின் நவீன வடிவம்தான். மவுண்டன் பைக்குக்கென வரும் வகையில் குழந்தை தானே ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பலவற்றில் பெல்ட் கிடையாது. தூங்கிவிட்டால் கதை முடிந்தது. இரண்டு வயதுக்குக் கீழே இது வேண்டாம். எடை கை நடுவிலேயே இருப்பதால் ஓட்டுவதற்கு மூன்றிலும் எளிது இதுதான். ஆனால் விழுந்தால் உங்கள் உடம்பும் குழந்தை மேலேயே விழும்.

ட்ரெய்லர் தரைக்கு அருகில் ஓடும். இணைப்பு சுழலக்கூடியது என்பதால், நீங்கள் சாய்ந்து விழுந்தாலும் அது பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்கும். உள்ளே ஐந்துமுனை பெல்ட், சுற்றிலும் குழாய்க் கூடு. ஒரே ஒரு விலை: பிரேக். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், ட்ரெய்லரும் குழந்தையும் இன்னொரு 25 கிலோ. அதே பிரேக் விசையில் நிற்கும் தூரம் சுமார் 30 சதவீதம் கூடும். நேர்ப்பாதையில் மணிக்கு 25 கி.மீ., திருப்பத்தில் 10 கி.மீ.க்கு மேல் வேண்டாம் என்று ட்ரெய்லர் கையேடுகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ட்ரெய்லர்தானா? வாகனம் இல்லாத ஜீப் ரோடு, எஸ்டேட் மண் பாதை, ஏரிக்கரை என்றால், ஆமாம், யோசிக்காமல். ஒற்றையடிப் பாதையில் இரண்டு சக்கர ட்ரெய்லர் கவிழும். உங்கள் சக்கரம் கல்லை விலக்கிப் போனாலும், அதன் ஒரு சக்கரம் அதே கல் மேல் ஏறிவிடும். ஜெர்மனியில் இதற்காகவே ஒற்றைச் சக்கரமும் சஸ்பென்ஷனும் வைத்த ட்ரெய்லர் செய்கிறார்கள். விலையைப் பார்த்தால் இன்னொரு சைக்கிளே வாங்கிவிடலாம். நெடுஞ்சாலையிலும் ட்ரெய்லர் வேண்டாம், கொடி கட்டியிருந்தாலும். அவ்வளவு தாழ்வாக ஓடுவதை லாரி டிரைவர் எதிர்பார்ப்பதில்லை. காரில் ஏற்றிக்கொண்டு போய் மண் பாதை தொடங்கும் இடத்தில் இறக்குங்கள்.

ஆர்டர் போடுவதற்கு முன் உங்கள் சைக்கிளையும் ஒருமுறை பாருங்கள். பின்பக்கம் சஸ்பென்ஷன் இருந்தால் பெரும்பாலான பின் சீட்டுகள் பொருந்தாது. கார்பன் ஃபிரேமில் கிளாம்ப் போட்டு இறுக்கினால் விரிசல் விடலாம். புது மவுண்டன் பைக்குகளின் தடித்த பின் அச்சுக்கு ட்ரெய்லரோடு வரும் கொக்கி சேராது. சரியான மரை அளவில் தனி அச்சு வாங்க வேண்டும்.

லே டூர் புக் பண்ணும் முன்

நீங்கள் மிதிக்கிறீர்கள், வியர்க்கிறது. குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. 5 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 25 கி.மீ. காற்று முகத்தில் அடித்தால் உடம்புக்கு அது கிட்டத்தட்ட 0 டிகிரி. உங்களுக்குச் சுகமாக இருக்கும் அந்த நேரத்தில்தான் குழந்தை விறைத்துக்கொண்டிருக்கும். சமவெளியில் இதுவே தலைகீழ்: மே மாத வெயிலில் மூடிய ட்ரெய்லருக்குள் காற்றே போகாது.

கர்துங் லா கணவாய் வரை ஜீப்பில் ஏறி, அங்கிருந்து லே நகருக்குச் சைக்கிளில் இறங்கும் டூர்கள் பிரபலம். சுமார் 40 கி.மீ., கிட்டத்தட்ட 1,800 மீட்டர் இறக்கம். சின்னக் குழந்தையோடு இதைச் செய்யாதீர்கள். வேகமும் லாரிகளும் ஒருபுறம் இருக்கட்டும். லேயே 3,500 மீட்டர் உயரம். மலை நோய் அங்கேயே, முதல் இரவிலேயே தொடங்கலாம். தலை வலிக்கிறது என்று ஒன்றரை வயதுக் குழந்தை சொல்லாது. காரணமில்லாத அழுகை, சாப்பிட மறுப்பது, விளையாடாமல் சுருண்டு படுப்பது, வாந்தி, தூக்கம் கெடுவது, இவைதான் அறிகுறிகள். பல் முளைக்கிறது, பயணக் களைப்பு என்றெல்லாம் தோன்றும். அந்த உயரத்தில் இவை தெரிந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை மலை நோய் என்றே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள், மேலே ஏறாதீர்கள், நிலைமை மோசமானால் காத்திருக்காமல் கீழே இறங்கிவிடுங்கள்.