தேனீ கொட்டும், ஆன்டிபாடி பொய் சொல்லும்!

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் ஜமுனாமரத்தூரில் மலைத்தேன் வாங்காமல் இறங்குவதில்லை. அந்தத் தேனை எடுக்க எத்தனை கொட்டு வாங்கியிருப்பார்கள் என்று நாம் யோசிப்பதுமில்லை.

கொட்டிய இடம் சிவந்து, தடித்து, அரிக்கிறதே... அதற்கு முக்கியக் காரணம் ஹிஸ்டமின். தேனீயின் விஷத்தில் இது கொஞ்சம்தான். மிச்சத்தை நம் தோலில் உள்ள மாஸ்ட் செல்களே வெளியே விடுகின்றன. ஆனால், செல்லின் மேல் தனக்கென இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டினால்தான் ஹிஸ்டமினால் வேலை செய்ய முடியும். இந்த ஏற்பிகள் நான்கு வகை. எச்1 அரிப்பையும் வீக்கத்தையும் தருகிறது; செட்ரிசின் தடுப்பது இதைத்தான். எச்2 வயிற்றில் அமிலம் சுரக்க வைக்கிறது. எச்3 மூளையில் இருக்கிறது. 2000-ல் தெரியவந்த எச்4, நோய் எதிர்ப்பு செல்களில் இருக்கிறது. ஆஸ்துமாவுக்கும் தீராத அரிப்புக்கும் இதன் வழியாக மருந்து கிடைக்குமா என்று தேடல் தொடங்கியது.

(ஒரு விஷயம்: கொட்டிய பின் மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ செட்ரிசினைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அப்போது தேவை அட்ரினலின் ஊசி. உடனே 108-ஐ அழையுங்கள்.)

சரி, எந்த செல்லில் எச்4 இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் ஆய்வக ஆன்டிபாடி வருகிறது. ஏற்பியின் ஒரு துண்டை முயல் போன்ற விலங்குக்குச் செலுத்துவார்கள். அதன் உடல் அந்தத் துண்டுக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கும். அதை ரத்தத்திலிருந்து பிரித்து, ஒளிரும் சாயம் சேர்த்து செல்லில் விட்டால், ஏற்பி உள்ள இடம் மின்னும். அழகான யோசனைதான்!

சந்தேகம் வந்தது பிறகு. எச்4 மரபணுவையே நீக்கிய எலிகள் இருக்கின்றன. அவற்றின் செல்லில் எச்4 ஆன்டிபாடி ஒட்டவே கூடாது. ஆனால், கடையில் விற்கும் ஆன்டிபாடிகளை இப்படிச் சோதித்தபோது, அங்கேயும் ஒட்டின! 2012-ல் இந்த முடிவு வெளியானது. செல்லில் இந்த ஏற்பிகள் மிகக் குறைவு. ஒத்த உருவமுள்ள புரதங்களோ ஏராளம். ஆன்டிபாடி ஆள்மாறி ஒட்டிவிடுகிறது.

எச்4 இல்லாத செல்லை 'இருக்கிறது' என்று நம்பினால், மருந்து தேடும் பாதையே தவறிவிடும். பணமும் வருடங்களும் அப்படியே போகும். ஆகவே, ஏற்பி நீக்கப்பட்ட செல்லில் ஒட்டாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகுதான் மற்ற செல்களில் அந்த ஆன்டிபாடியை நம்ப வேண்டும்.