குறியீட்டெண்ணில் முன்பேரம்

மும்பையில் வாழும் தமிழன்பர்களின் செவிகளில் ‘நிஃப்டி முன்பேரம்’ என்னும் சொல் விழுந்திருக்கும். அஃது யாது? ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைத் தொகுத்துக் காட்டும் எண்ணே நிஃப்டி. பின்னொரு நாளுக்காக அவ்வெண்ணை இன்றே விலை பேசிக்கொள்வது முன்பேரம். தேசியப் பங்குச் சந்தையில் 2000 ஜூனில் இது தொடங்கிற்று. இதில் பங்கு எதுவும் கைமாறுவதில்லை. விலை வேறுபாடு மட்டுமே பணமாகத் தீர்க்கப்படும்.

ஒப்பந்த விலை 20,000, அளவு 50 அலகு என்று கொள்வோம். மொத்த மதிப்பு 10 லட்சம் ரூபாய். வாங்குபவர் கட்டிய பிணைத்தொகையோ 1,20,000 ரூபாய்தான் என்க. மறுநாள் விலை 400 புள்ளி இறங்கினால், 20,000 ரூபாய் அவர் கணக்கிலிருந்து கழிந்துவிடும். விலை இறங்கியது நூற்றுக்கு இரண்டு. அவர் இழந்ததோ பிணைத்தொகையில் ஆறில் ஒரு பங்கு. வீழ்ச்சி தொடர்ந்தால், கட்டிய தொகைக்கு மேலும் நட்டம் நேரக்கூடும்.

பங்குகளை உடையவர், விலை வீழ்ச்சிக்குக் காப்பாக முன்பேரத்தில் விற்று வைப்பர்; பங்கில் இழப்பதை இதில் ஈடுசெய்வர். அதுவே இதன் உரிய பயன். காப்பதற்கு ஏதுமின்றி இலாபம் ஒன்றையே நாடி நுழைவோர் நிலை வேறு. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில், முன்பேரங்களிலும் அவற்றையொத்த விருப்ப ஒப்பந்தங்களிலும் இறங்கிய தனிநபர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நட்டமடைந்தனர் என்று செபி 2024இல் அறிவித்தது.

ஊருக்கு அனுப்பவென எடுத்துவைத்த பணம் பிணைத்தொகைக்கு உரியதன்று.